குருந்தூர் மலை முதல் வெடுக்குநாறி வரை: தொல்பொருள் சட்டம் எங்கே பிசகுகிறது?

முல்லைத்தீவு, வவுனியா, திருகோணமலை என்று இலங்கையின் வடக்கு கிழக்கில் ஏதாவது ஒரு மலையோ குளக்கரையோ அடிக்கடி செய்தியில் அடிபடுகிறது. பொங்கல் வைக்கப் போனவர்களைப் பொலிஸ் தடுத்தது, புத்தர் சிலை வைக்க வந்தவர்களை ஊர் மக்கள் மறித்தார்கள், நீதிமன்றம் தடையுத்தரவு கொடுத்தது என்று துண்டு துண்டாகச் செய்திகள் வரும். ஒரு தரப்பு இதை பௌத்தமயமாக்கல் என்கிறது. மறு தரப்பு தொல்பொருள் அழிப்பு என்கிறது. தொடர்ந்து படிக்கிறவர்களுக்கே எது எந்த வழக்கு என்பது குழம்பிவிடும்.

கோபத்தைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டுச் சட்டத்திலிருந்து தொடங்கினால் விஷயம் கொஞ்சம் தெளிவாகும்.

ஒரே பெயரில் மூன்று வேறு தகராறுகள்

செய்திகளில் ஒன்றாகக் கலந்து வரும் சம்பவங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. உண்மையிலேயே பழைய இடிபாடு இருக்கும் இடம். அதன் மேல் அல்லது அருகில் வேறொரு சமூகம் பின்னாளில் வழிபட்டு வருகிறது. முல்லைத்தீவு குருந்தூர் மலை இந்த வகை.

2. வழிபாடு இன்றும் நடக்கும் இடம் தொல்பொருள் பிரதேசமாகவும் இருக்கிறது. வவுனியா வடக்கில் ஒலுமடுவை அடுத்த வெடுக்குநாறி மலையில் பிராமி எழுத்துப் பொறிப்புகள் உண்டு. ஆதிலிங்கேஸ்வரர் ஆலயமும் உண்டு. 2024 மார்ச் 8 சிவராத்திரி அன்று அங்கே எட்டுப் பேர் கைது செய்யப்பட்டு, மார்ச் 19 அன்று நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள்.

3. தொல்பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத காணித் தகராறு. யாழ்ப்பாணம் தையிட்டியில் இராணுவத்தின் பிடியில் இருந்த தனியார் காணியில் விகாரை கட்டப்பட்டது இதற்கு உதாரணம். காணி உறுதி (உரிமைப் பத்திரம்) வைத்திருப்பவர்களுக்கு அங்கே வரலாற்று ஆதாரம் எதுவும் தேவையில்லை. உறுதியே போதும்.

மூன்றாவது வகைக்கு விடை சுலபம், நடைமுறைப்படுத்தும் மனம்தான் இல்லை. உண்மையான சிக்கல் முதல் இரண்டில் இருக்கிறது. தையிட்டியை குருந்தூர் மலையோடு சேர்த்துப் பேசினால் வலுவான வழக்கு ஒன்று வீணாகப் பலவீனப்படும். அதனால் இனிப் பேசப்போவது முதல் இரண்டு வகையைப் பற்றி மட்டுமே.

சட்டத்தின் கண்ணுக்கு என்ன தெரிகிறது?

இலங்கையில் இதற்கு அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். பிரிட்டிஷ் ஆட்சியில் எழுதியது; 1998இல் திருத்தித் தண்டனைகளைக் கூட்டினார்கள். அதிகாரம் தொல்பொருள் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகத்திடமும் துறை அமைச்சரிடமும் இருக்கிறது. அகழ்வு செய்ய அனுமதி கொடுப்பது திணைக்களம். ஒரு நிலத்தைத் தொல்பொருள் ஒதுக்கப் பிரதேசமாக்கி எல்லை போடுவது வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல். எல்லை போட்டபின் உள்ளே கல்லை நகர்த்துவதும் குழி தோண்டுவதும் கட்டுவதும் குற்றம்.

இந்தச் சட்டத்தின்படி தொல்பொருள் என்றால் 1815 மார்ச் 2க்கு முற்பட்டது. அது கண்டி உடன்படிக்கை கையெழுத்தான நாள். யாழ்ப்பாண இராச்சியம் 1619இலேயே விழுந்துவிட்டது, கரையோரம் அதற்கு முன்பிருந்தே போர்த்துக்கேயர் கையில். ஆனாலும் முழு நாட்டுக்கும் பழமையின் எல்லைக்கோடு கண்டியின் வீழ்ச்சிதான். இது வெறும் நாட்காட்டி விஷயம் இல்லை. மலையகத் தமிழர்கள் கோப்பித் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்டது 1820களிலிருந்து. அவர்களுடைய லயங்கள், மாரியம்மன் கோயில்கள், மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த வழித்தடம் என்று அந்தச் சமூகத்தின் மரபுரிமை முழுவதுமே இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. அமைச்சர் நினைத்தால் பிற்காலத்து நினைவுச்சின்னத்தையும் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கலாம். நினைக்காவிட்டால் இல்லை.

இதைவிடப் பெரிய குறை, சட்டம் கல்லை மட்டும் பார்க்கிறது என்பது. அந்தக் கல்லுக்கு விளக்கு வைக்கும் மனிதரைப் பற்றி அதில் ஒரு ஏற்பாடும் கிடையாது. ஓர் இடத்தை வர்த்தமானியில் சேர்க்கும்போது அங்கே வழிபடுபவரைக் கலந்துபேசக் கட்டாயம் இல்லை. பூசை எந்த அளவுக்குத் தொடரலாம் என்று எழுதிவைக்கும் முறையும் இல்லை. அதனால் நேற்றுவரை கோயிலுக்குப் போனவர், எல்லைக்கல் நட்ட மறுநாள் அத்துமீறுபவராகிறார்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தஞ்சைப் பெரிய கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம், யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் பூசை நிற்கவில்லை. வழிபாட்டை அரண்மனை தேவஸ்தானம் கவனிக்கிறது, கட்டடத்தைத் தொல்லியல் துறை கவனிக்கிறது. உரசல்கள் வராமல் இல்லை. ஆனாலும் அபிஷேகம் செய்ததற்காக யாரும் விளக்கமறியலில் இருப்பதில்லை.

குருந்தூர் மலையில் நடந்தது

தண்ணிமுறிப்புக் குளத்தை ஒட்டிய மலை அது. மேலே செங்கல் தாதுகோப (பௌத்தத் தூபி) இடிபாடுகள் இருப்பது பழைய செய்தி. 1933இலேயே சுமார் 78 ஏக்கர் தொல்பொருள் ஒதுக்கமாக வர்த்தமானியில் வந்துவிட்டது. சிங்களத் தரப்பு இதைக் குருந்தி விகாரை என்கிறது. சுற்றியுள்ள தமிழ் ஊர்க்காரர்களுக்கு அது ஆதி ஐயனார் இருக்கும் மலை. சூலம் நட்டுப் பொங்கி வந்த இடம்.

2018இல் பிக்குகளுடன் வந்த ஒரு குழுவை ஊரவர்கள் மறித்தார்கள். விஷயம் முல்லைத்தீவு நீதிமன்றத்துக்குப் போனது. புதிதாக எதுவும் கட்டக்கூடாது என்று உத்தரவானது. 2021 ஜனவரியில் இராஜாங்க அமைச்சர் விதுர விக்கிரமநாயக்க இராணுவத்தினர் சூழ வந்து அகழ்வைத் தொடக்கிவைத்தார். அங்கிருந்த சூலம் அகற்றப்பட்டதாக முறைப்பாடு எழுந்தது. அகழ்வில் பட்டையிட்ட கல்தூண் துண்டு ஒன்று வெளியே வந்தது. தமிழ்த் தரப்பில் அதை எட்டுப்பட்டைத் தாராலிங்கம், அதாவது பட்டை செதுக்கிய சிவலிங்கம் என்றார்கள். மறு தரப்பு தாதுகோபத்தின் உச்சிப் பாகம் என்றது. ஒரே கல்தான். அறிஞர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய அந்த விவாதம் நாளிதழ்களிலும் முகநூலிலும் நடந்தது; ஏனென்றால் அகழ்வுக் குழியருகே மறு தரப்பு நிபுணர் யாரும் இல்லை.

2022 ஜூனில் சிலை பிரதிஷ்டை செய்யும் முயற்சி போராட்டத்தால் நின்றது. ஜூலையில் நீதிமன்றம் மீண்டும் கட்டுமானத்தைத் தடுத்தது. கட்டடம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 2023 செப்டெம்பரில், அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ரி. சரவணராஜா, உயிர் அச்சுறுத்தலையும் அழுத்தத்தையும் காரணம் காட்டிப் பதவியைத் துறந்து நாட்டைவிட்டு வெளியேறினார்.

இதற்கு நடுவே, 2023 ஜூனில், அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, திணைக்களம் கேட்கும் நிலத்தின் அளவைப் பற்றி, அநுராதபுரத்து மகாவிகாரையைவிடப் பெரியதா இது என்ற தோரணையில் பணிப்பாளர் நாயகத்தைக் கேள்வி கேட்டார். சில நாட்களில் பணிப்பாளர் நாயகம் பதவி விலகினார். அந்தக் கூட்டத்தில் பேசப்பட்டது கல்லின் காலம் அல்ல, ஏக்கர் கணக்கு. 1933இன் எல்லைக்கு வெளியே கேட்கப்பட்ட நிலத்தில் மக்களின் வயல்களும் அடக்கம். தகராறின் நடு முடிச்சு அங்கேதான் கிடக்கிறது என்பது என் கணிப்பு. தாதுகோபம் பழையதா என்பதில் சண்டை குறைவு. அதைச் சாட்டி எவ்வளவு காணி போகும் என்பதில்தான் அதிகம்.

இன்னொரு கண்ணியும் உண்டு. தண்ணிமுறிப்பு மக்கள் 1984இல் விரட்டப்பட்டவர்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பக்கம் போகவே முடியவில்லை. திரும்பி வந்து கோயில் என்றதும், இங்கே தொடர்ச்சியான வழிபாடு இருந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்கப்படுகிறது. போர் வழிபாட்டை முறிக்கிறது. முறிந்த வழிபாடு, வழிபாடே இருக்கவில்லை என்பதற்குச் சான்றாகிறது. தொடர்ச்சியை மட்டும் அளவுகோலாக வைக்கும் எந்த முறையும் இடம்பெயர்ந்தவர்களுக்கு எதிராகத்தான் முடியும்.

இது தமிழர்களுக்கு மட்டும் நேர்வதும் இல்லை. பலாங்கொடைக்கு அருகே பௌத்தர்கள் கூரகல என்று உரிமை கோரும் இடம், முஸ்லிம்களுக்கு ஜெய்லானி என்ற வழிபாட்டிடம். பொத்துவிலில் முகுது மகா விகாரையைச் சுற்றி 2020இல் கிளம்பியது முஸ்லிம்களின் காணிப் பிரச்சினை.

‘யார் முதலில்?’ என்ற கேள்வி

இங்கே தமிழ்த் தரப்பும் ஒரு பொறியில் விழுகிறது. பௌத்த இடிபாடு என்றதும் இல்லை, சைவம்தான் என்று மறுப்பது வழக்கமாகிவிட்டது. வேண்டியதே இல்லை. பௌத்தம் என்றால் சிங்களம் என்ற சமன்பாட்டை ஒப்புக்கொண்டால்தான் அந்த மறுப்புக்கே அவசியம் வரும்.

திருகோணமலைக்குச் சற்று வெளியே வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் இலங்கையை ஆண்டபோது பல விகாரைகள் அழிந்தன என்று படித்திருப்போம். இந்த விகாரையோ அதே சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றுச் செழித்திருக்கிறது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள், விளக்கெரிக்கவும் கால்நடைகளாகவும் தமிழர்கள் கொடுத்த கொடைகளைச் சொல்கின்றன. தமிழெழுத்துப் பொறித்த வெண்கல விளக்கு ஒன்றும் கிடைத்திருக்கிறது. உள்ளூர்த் தமிழர் வாயில் அது நாதனார் கோயில். பொலன்னறுவையில் தலதா மாளிகையை (புத்தரின் பல் வைக்கப்பட்ட ஆலயத்தை) காப்பதாக வேளைக்காரர் என்ற தென்னிந்தியப் படையினர் சூளுரைத்த 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் தமிழில்தான் உள்ளது. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையின் சிறு தாதுகோபங்களையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

ஆக, வடக்கு கிழக்கில் பௌத்த எச்சம் கிடைப்பது அங்கே சிங்களக் குடியேற்றம் இருந்ததற்குத் தானாக ஆதாரம் ஆகாது. அங்கே பௌத்தமே இல்லை என்று தமிழர் சாதிப்பதும் வரலாறாகாது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு குன்றில் யார் தியானம் செய்தார் என்பதை வைத்து, இன்று அங்கே யார் பொங்கலாம் என்று தீர்மானிப்பது எந்த உரிமைச் சட்டத்திலும் இல்லாத முறை.

போரில் மரபுரிமை குறிவைக்கப்பட்டதையும் எல்லாப் பக்கமும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாகின. 1985இல் அநுராதபுரம் ஸ்ரீ மகாபோதியில் வழிபட்டவர்களைப் புலிகள் சுட்டார்கள்; 1998இல் கண்டி தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது பள்ளிவாசல்கள் ஆளில்லாமல் பாழடைந்தன. எல்லாச் சமூகத்திடமும் ஒரு காயக் கணக்கு இருக்கிறது. ஒரே சமூகத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் உட்கார்ந்து எடுக்கும் முடிவை மற்றவர்கள் நம்பாததற்குக் காரணமும் அதுதான்.

இதற்கு ஓர் உதாரணத்தை 2020இல் பார்த்தோம். கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமையை முகாமைத்துவம் செய்ய ஜனாதிபதி செயலணி ஒன்றை கோட்டாபய ராஜபக்ஷ அமைத்தார். தலைவர், பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன. உறுப்பினர்களில் பிக்குகள், பொலிஸ் அதிகாரி, ஊடக முதலாளி எல்லாம் உண்டு. முதலில் அறிவித்த பட்டியலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. அந்த மாகாணத்தில் நாலில் மூன்று பங்கு மக்கள் தமிழர்களும் முஸ்லிம்களும்.

உரிமை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?

1. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. ஆனால் அதே வாக்கியம் 10ஆம், 14(1)(உ) உறுப்புரைகளில் உள்ள மத உரிமைகளை எல்லா மதத்தினருக்கும் உறுதிசெய்கிறது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுபவர்களே அதிகம்.

2. தன் பண்பாட்டைத் தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ துய்க்கவும் வளர்க்கவும் தன் மொழியைப் பயன்படுத்தவும் 14ஆம் உறுப்புரையே சுதந்திரம் தருகிறது. மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், நீதிமன்றம் இருப்பதோ கொழும்பில். வவுனியா வடக்கு நெடுங்கேணியில் இருக்கும் பூசகருக்கு இது எவ்வளவு தூரம் என்று சொல்லத் தேவையில்லை.

3. சிறுபான்மையினர் தம் பண்பாட்டைத் துய்க்கும் உரிமையைச் சொல்லும் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 27ஆம் உறுப்புரையை இலங்கை 1980இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் உள்நாட்டுச் சட்டமாக எழுதாத ஒப்பந்தத்தை இங்கே நீதிமன்றத்தில் நேரடியாகக் கேட்க முடியாது. அந்த உடன்படிக்கைக்காக 2007இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 27ஆம் உறுப்புரையை அதில் சேர்க்கவில்லை.

4. 13ஆம் திருத்தம், தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று நாடாளுமன்றச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டவை தவிர்ந்த பழைய நினைவுச்சின்னங்களை மாகாணங்களிடம் விட்டது. நடைமுறையில் இது காகிதத்தோடு சரி. மாகாண சபைகளின் பதவிக்காலம் கிழக்கில் 2017இலும் வடக்கில் 2018இலும் முடிந்தபின் ஆளுநர்கள்தான் நடத்துகிறார்கள்.

மற்ற நாடுகள் செய்த ஏற்பாடு

பொஸ்னியாவில் போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தத்தின் 8ஆம் இணைப்பே தேசிய நினைவுச்சின்னங்களுக்கான ஆணைக்குழு பற்றியது. எது நினைவுச்சின்னம் என்று முடிவெடுக்கும் இடத்தில் பொஸ்னியாக், செர்பிய, குரோவாசிய இனத்தவர்களோடு வெளிநாட்டு உறுப்பினர்களும் அமர்ந்தார்கள். முடிவுக்கு ஒரே இனத்தின் முத்திரை கிடைக்காது. ஆனாலும் பஞ்ஞா லூக்காவில் 1993இல் தகர்த்த ஃபெர்ஹாதியா மசூதி மீண்டும் திறக்க 2016 ஆனது. 2001இல் அடிக்கல் நாட்டும்போதே கலவரம் வெடித்தது. ஆணைக்குழு இருந்தால் மட்டும் மனம் மாறிவிடாது.

கொசோவோ வேறு வழியில் போனது. செர்பிய மடாலயங்களைச் சுற்றிச் சட்டத்தாலேயே விசேட பாதுகாப்பு வலயங்கள் போட்டார்கள். டெச்சானி மடாலயத்தின் 24 ஹெக்டேர் காணி மடத்துக்கே சொந்தம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2016இல் சொன்னது; பதிவேட்டில் ஏற 2024 ஆனது. பெரும்பான்மைக்குப் பிடிக்காத தீர்ப்பு எவ்வளவு மெல்ல நகரும் என்பதற்கு முல்லைத்தீவு மட்டும் சாட்சி இல்லை.

எனக்கு இவற்றில் அதிகம் பயன்படக்கூடியதாகத் தெரிவது சைப்ரஸ். தீவு 1974இலிருந்து இரண்டாகக் கிடக்கிறது. அரசியல் தீர்வு இன்னும் இல்லை. தீர்வு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்திருந்தால் இரண்டு பக்கமும் கோயில்களும் மசூதிகளும் இடிந்தே போயிருக்கும். 2008இல் இரு தரப்புத் தலைவர்களும் பண்பாட்டு மரபுரிமைக்கு ஒரு தொழில்நுட்பக் குழு அமைக்க ஒத்துக்கொண்டார்கள். கிரேக்க சைப்ரசியர் ஒருவர், துருக்கிய சைப்ரசியர் ஒருவர் என்று இணைத்தலைவர்கள். பணம் பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்தினுடையது. வேலையை நடத்துவது ஐ.நா. அபிவிருத்தித் திட்டம். இந்தக் குழுவின் கெட்டித்தனம், எது யாருக்குச் சொந்தம், எந்த அரசை யார் அங்கீகரிக்கிறார்கள் என்ற கேள்விகளை வாசலிலேயே நிறுத்திவிட்டதுதான். கூரை ஒழுகுகிறதா, சுவர் சாய்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். வடக்கே கார்பாஸ் முனையில் உள்ள அப்போஸ்தலர் அந்திரேயா மடாலயத்தைப் புதுப்பிக்க சைப்ரஸ் திருச்சபையும் துருக்கியத் தரப்பின் எவ்காஃப் என்ற வக்ஃபு நிர்வாகமும் பணம் போட்டன. ஒரு கிறிஸ்தவ மடத்துக்கு முஸ்லிம் அறநிலையத்தின் பணம்!

இலங்கையில் எதைத் தொடலாம்?

9ஆம் உறுப்புரையை மாற்றும் பேச்செடுத்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். அதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் பொதுவாக்கெடுப்பும் வேண்டும். தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் அப்படியல்ல, சாதாரணச் சட்டம். அதில் செய்யக்கூடியவை இருக்கின்றன.

1. ஒரு நிலத்தை வர்த்தமானியில் ஏற்றுவதற்கு முன் வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகத்தில் ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, எழுத்தில் பதில் கொடுப்பதைக் கட்டாயமாக்கலாம். ஏக்கர் சண்டைகளில் பெரும்பகுதி இங்கேயே தணியும்.

2. வழிபாடு நடக்கும் தொல்பொருள் இடங்களுக்கு, எங்கே விளக்கு, எங்கே பொங்கல், எந்த நாட்களில் என்று இடத்துக்கு இடம் எழுதிய உடன்பாடு வைக்கலாம். போரால் அறுந்த காலத்தை, வழிபாடு இல்லாத காலமாகக் கணக்கிடக்கூடாது என்று அதிலேயே சேர்க்க வேண்டும்.

3. அகழ்வுக் குழுவில் யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களைச் சேர்த்து, அறிக்கையை மூன்று மொழிகளில் வெளியிடச் சொல்லலாம். தாராலிங்கமா தாதுகோப உச்சியா என்ற விவாதம் குழிக்கு அருகிலேயே நடக்கட்டும்.

4. ஒதுக்கப் பிரதேசத்துக்குள் எந்த மதத்தின் புதுக் கட்டடமும் கூடாது என்ற விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். புனரமைப்பு என்ற பெயரில் புது விகாரை எழுவதும் புதுக் கோபுரம் எழுவதும் சட்டத்துக்கு ஒன்றுதான்.

இதில் நான்காவதை ஏற்பதுதான் கடினம். சிங்கள அரசியல்வாதிக்கு அது பிக்குகளோடு மோதும் விஷயம். தமிழ் அரசியல்வாதிக்கோ, கொங்கிரீட்டில் பெரிதாகக் கோயில் கட்டும் ஆசையைக் கைவிடச் சொல்லும் விஷயம்.

2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 ஆசனங்கள் கிடைத்தன. தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வாக்கு விழுந்தது. இந்தத் திருத்தங்களுக்கு அந்த மூன்றில் இரண்டுகூடத் தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும்.